கல்கி: பத்திரிகைக்காரர் எழுதிய சரித்திரமும் வன்னியின் காட்டுப் பாதையும்

மாங்குளத்தான்

பொன்னியின் செல்வன் என்றால் எல்லோரும் சோழரைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எழுதிய கல்கி முழுநேரப் பத்திரிகை ஆசிரியர் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. அவருடைய சரித்திர நாவல்களின் பலமும் பலவீனமும் அந்த ஆசிரியர் மேசையில் இருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். அதைப் பேசத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 இல் மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டு, 1922 இல் ஒரு வருடம் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் திரு.வி.க.வின் நவசக்தியில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காக நடந்த விமோசனம் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து வாசனின் ஆனந்த விகடன். 1941 இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தமாகக் கல்கி வார இதழ். அதற்கு வேண்டிய பணத்துக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் போட்டு நடித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விகடனில் இருந்த பத்து வருடத்தில் அவர் நகைச்சுவைக் கட்டுரை எழுதினார், சமூக நாவல் எழுதினார், 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதினார். சரித்திர நாவல் எழுதவில்லை. சொந்தப் பத்திரிகை தொடங்கி இரண்டு மூன்று மாதத்துக்குள் பார்த்திபன் கனவு வந்துவிட்டது. புதுப் பத்திரிகைக்கு வாசகர் வேண்டும், வந்தவர் அடுத்த வாரமும் வரவேண்டும். சரித்திரம் அதற்குத் தோதாக இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பொன்னியின் செல்வனில் இலங்கைப் பகுதி வருகிற இரண்டாம் பாகத்தை, வட இலங்கையின் வன்னி ஆட்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்க ஆசை.

செட்டிகுளம் ரீச்சர்

நல்ல இழை. இரண்டாம் பாகம் சுழற்காற்றை எங்கள் பிள்ளைகளுக்கு நான் வேறு மாதிரி அறிமுகம் செய்வேன். அத்தியாயத் தலைப்புகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிடுவேன்: 'மாதோட்ட மாநகரம்', 'காட்டுப் பாதை', 'இராஜபாட்டை', 'அநுராதபுரம்'. பிறகு இலங்கைப் படத்தைக் கொடுத்து, கதாநாயகன் வந்தியத்தேவன் போன வழியைப் பென்சிலால் கீறச் சொல்வேன். மாதோட்டத்தில் தொடங்கித் தெற்கும் கிழக்குமாகக் கோடு இழுத்ததும் யாராவது ஒரு பிள்ளை, "ரீச்சர், இது எங்கட பக்கத்தால போகுது" என்று சொல்லும். அதற்குப் பிறகு புத்தகத்தை நான் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

மாதோட்டம் என்பது திருக்கேதீச்சரம் இருக்கிற இடம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவிக் கரை இன்றைக்கும் இருக்கிறது. கதையில் கொடும்பாளூர்ப் பெரிய வேளாரின் படை தங்கியிருப்பதும் அங்கேதான். அங்கிருந்து ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் காட்டுக்குள் இறங்கித் தம்புள்ளைப் பக்கம் போகிறார்கள். திரும்பி வடக்கே வரும்போது அநுராதபுரத்தில் இருந்து யானையிறவு, அப்புறம் தொண்டைமானாற்று முகத்துவாரம். ஆக, இந்த மனிதர் தன் கதாபாத்திரங்களை வன்னிக்குக் குறுக்கே ஒரு தரமும் நெடுக்கே ஒரு தரமும் நடத்தியிருக்கிறார்.

குளக்கட்டு

நடத்தினார், சரி. என்ன பார்த்தார்?

எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பொன்னியின் செல்வன் எங்கே தொடங்குகிறது? வீரநாராயண ஏரிக்கரையில். ஆடிப்பெருக்கு, புது வெள்ளம், எழுபத்து நான்கு கணவாய்களால் தண்ணீர் பாய்கிறது என்று ஆசை ஆசையாக எழுதுகிறார். குதிரையில் வருகிறவன் அந்த ஏரியைப் பார்த்து வாய் பிளக்கிறான். தமிழில் ஒரு குளத்துக்கு அதைவிட நல்ல வரவேற்பு யாரும் கொடுத்ததில்லை.

அதே ஆள் மாதோட்டத்தில் இருந்து புறப்படும்போது கட்டுக்கரைக் குளத்தின் ஓரத்தால் போயிருக்க வேண்டும். அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த குளம். அநுராதபுர அரசன் தாதுசேனன் காலத்தது என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் வந்தியத்தேவன் வரும்போதே அதற்கு ஐந்நூறு வயது. வீரநாராயண ஏரியோ அப்போதுதான் வெட்டிய பிள்ளை, முதலாம் பராந்தகன் காலத்தது. கட்டுக்கரைக் கட்டில் ஒரு பின்னேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மறுகரை தெரியாது. மாரியில் மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலிங்கு பாயும்போது அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பது கேட்காது. வீரநாராயண ஏரி போல மனதில் நிற்கிற ஒரு குளம் எங்கள் பக்கத்துக்குக் கிடைக்கவில்லையே. எங்களுக்குக் கிடைத்த தலைப்பு 'காட்டுப் பாதை'. சோழநாட்டில் ஊர், இங்கே காடு. இந்தப் பார்வை கல்கியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

பாலைமரம்

குளக்கட்டு அண்ணை, கோபம் விளங்குகிறது. ஆனால் காலத்தையும் பாருங்கள். கல்கி 1950 இல் எழுதத் தொடங்கும்போது 982 ஆண்டுக்கு முந்திய காலத்துக்குப் போவோம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். ஆக 968. அந்த வருடத்தில் வன்னி என்ற பெயரில் ஒரு நாடும் இல்லை, வன்னியர் என்ற சிற்றரசரும் இல்லை. வன்னிமைகள் பற்றிய செய்தி நமக்குத் தெளிவாக வருவது 13ஆம் நூற்றாண்டு அளவில், கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பிறகு. வையாபாடல், கோணேசர் கல்வெட்டு என்ற நூல்கள் அதற்கும் பிந்தியவை. இல்லாத வன்னியரை அவர் எப்படிக் கொண்டுவருவார்?

குளக்கட்டு

வன்னியரைக் கேட்கவில்லை தம்பி. குளத்தைத்தான் கேட்டேன்.

பாலைமரம்

குளத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சோழர் தொடர்பில் நம் பக்கம் கிடைத்த பெரிய சான்றே மாதோட்டத்துக் கல்வெட்டுத்தான். ராஜராஜன் காலத்தில் தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி அங்கே ராஜராஜேச்சரம் என்று ஒரு கோயில் எடுத்தான். ஊருக்கே அப்போது ராஜராஜபுரம் என்று பெயர். அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்கி மாதோட்டத்தை மாநகரம் என்று தலைப்பில் போட்டது சும்மா இல்லை. ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்து இடம் பார்த்துத்தான் எழுதினார்.

அரிச்சுவடி

பிள்ளைகள் எல்லோரும் புத்தகமாக வாசித்தவர்கள் போல இருக்கிறது. நான் தொடராக வாசித்தவன். அதாவது, இதழில் இருந்து கிழித்துத் தைத்துக் கட்டிய தொடராக. பெரியப்பா வீட்டில் இருந்தது. நானும் கொஞ்சக் காலம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவன். அதனால் அந்தக் கட்டு எனக்குக் காட்டியதை இங்கே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேலே மணியத்தின் படம். பக்கத்தைத் திருப்பினால் கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு துணுக்கின் பாதி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விளம்பரத்தில் பாதி. கட்டியவர் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் சில பக்கங்களில் கடைசி வரி போய்விட்டது. பெரியம்மா அந்த வரிகளைப் பென்சிலால் கீழே எழுதி வைத்திருந்தார். ஞாபகத்தில் இருந்து எழுதினாரா, யாரிடமாவது பார்த்து எழுதினாரா, கேட்டு வைக்கவில்லை. எதற்காக அந்த வரி அவ்வளவு முக்கியம் என்றால், கல்கியில் எல்லாம் அங்கேதான் நடக்கும். கதவு திறக்கும், ஒரு குரல் கேட்கும், நிழல் தெரியும். 'தொடரும்'. வாரப் பத்திரிகை ஆசிரியனுக்கு அந்த வரிதான் அடுத்த வார விற்பனை.

வாரத் தொடர் எப்படி நடக்கும் என்று அச்சுக்கூடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாரம் பூட்டி மெஷினில் ஏற நேரம் குறித்தாகிவிட்டது, படம் அச்சுக்கட்டையாகிவிட்டது, எழுத்து மட்டும் வரவில்லை. அந்த நெருக்கடியில் வருகிற எழுத்துக்கு ஒரு வேகம் இருக்கும். வளவளவும் இருக்கும். பொன்னியின் செல்வனில் ஏற்கனவே நடந்ததை யாராவது ஒருவர் இன்னொருவருக்கு மறுபடி சொல்கிற இடங்கள் எத்தனை! புத்தகமாக வாசித்தால் அலுப்பு. நாலு வாரம் இதழ் கிடைக்காமல் போன வாசகருக்கோ அது கைகொடுத்தது. நம் பக்கம் தபால் தவறினால் ஒரு கிழமை போய்விடுமே.

இன்னொன்று, அவர் 'நான்' என்று எழுதமாட்டார். 'நாம்', 'நேயர்களே'. தலையங்கம் எழுதுகிற கை. கதையின் நடுவில் நின்று, இந்த இடத்தில் வாசகர்களுக்குச் சரித்திரம் கொஞ்சம் சொல்லவேண்டும் என்று தொடங்கிவிடுவார். வேறு எந்த நாவலாசிரியர் செய்தாலும் தடக்கும். அவர் செய்யும்போது பேப்பர் வாசிப்பது போலப் போய்விடும்.

அந்தக் கட்டு இப்போது இல்லை. 2009 போரில் அந்த வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

கிளிப்பெடியன்

நான் முதலில் படம்தான் பார்த்தேன், 2022 இல் முதல் பாகம், அடுத்த வருடம் மற்றது. அப்புறம் புத்தகம் தூக்கினேன், முதலாம் பாகத்தில் நின்றுவிட்டது. ஐந்து பாகமும் வாசிக்கத்தான் வேண்டுமா? எதில் தொடங்கலாம்? இன்னொன்று, படத்தில் இலங்கை என்று காட்டுகிற காடு தாய்லாந்தில் எடுத்ததாம். மாங்குளத்தில் எடுத்திருந்தால் நாங்களும் வேடிக்கை பார்த்திருப்போம்.

செட்டிகுளம் ரீச்சர்

தம்பி, பார்த்திபன் கனவில் தொடங்குங்கள். சின்னது, விறுவிறுப்பு. அது பிடித்தால் சிவகாமியின் சபதம். கதை நடந்த காலப்படி சிவகாமிதான் முந்தியது. அதில் வாலிபனாக வருகிற பல்லவ அரசர் நரசிம்மவர்மர் பார்த்திபன் கனவில் வயது போன சக்கரவர்த்தி. எழுதியது மட்டும் தலைகீழ்: பார்த்திபன் 1941 முதல், சிவகாமி 1944 முதல். பார்த்திபனும் மகன் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. நரசிம்மர், வாதாபிப் போர், பரஞ்சோதி எல்லாம் உண்மை. ஒரு கற்பனைக் கதை எழுதப் போய், பின்னணியில் நின்ற பல்லவர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அதனால்தான் மூன்று வருடம் கழித்து அவர்களுக்கென்றே தனி நாவல் வந்தது.

சிவகாமியில் நமக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார், கவனியுங்கள். மானவர்மன். இலங்கை இளவரசன், பல்லவர் அரண்மனையில் அடைக்கலம். கட்டுக்கதை இல்லை, மகாவம்சத்திலேயே இருக்கிறது. நரசிம்மவர்மரின் உதவியோடு படை கொண்டுவந்து கடைசியில் அரசைப் பிடித்தவன். அந்தப் படைகள் இறங்கியதும் நடந்ததும் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளோடு கதைக்கத் தொடங்கினால் ஒரு பாடவேளை போதாது.

முள்ளியவளைப் பேரன்

ஒருவரும் 'ஏலேல சிங்கன் கூத்து' அத்தியாயத்தைச் சொல்லவில்லை! எனக்கு இரண்டாம் பாகத்தில் பிடித்ததே அதுதான். தம்புள்ளைப் பக்கம், போர்வீரர் கூடித் தமிழ் அரசன் எல்லாளனின் கதையைக் கூத்தாக ஆடுகிறார்கள். இளவரசரும் இருந்து பார்க்கிறார். எல்லாளனும் சிங்கள இளவரசன் துட்டகைமுனுவும் மோதுகிற கதையைச் சோழப் படை சிங்கள மண்ணில் ஆடுகிறது. தோற்ற அரசனுக்கு வென்றவன் மரியாதை செய்த கதை அது. 1951, 52 அளவில் ஒரு தமிழ் வார இதழில் அதை எழுத வேண்டும் என்று தோன்றியதே, அது பத்திரிகைக்காரர் மூளை. பழைய கதையைச் சொல்லிக்கொண்டே அன்றைக்கு இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வது.

எங்கள் பக்கம் கோவலன் கூத்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தில் சின்ன ஏமாற்றமும் உண்டு. ஆட்டம் தெரிகிறது, மத்தளம் கேட்கவில்லை. கூத்தை ஆட்டுவிக்கிற அண்ணாவியார் எங்கே, பிற்பாட்டு எங்கே, விடிய விடிய இருக்கிற சனம் எங்கே என்று கை பரபரக்கும். சங்கீத விமர்சகராக அவ்வளவு பேர் எடுத்தவர் கூத்தின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

குளக்கட்டு அண்ணைக்கு ஒரு சமாதானம்: வவுனிக்குளத்தை எல்லாளன் கட்டினான் என்றுதானே அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஆக, கூத்து வழியாக ஒரு குளம் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளக்கட்டு

வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கூத்துப் பற்றிச் சொன்னது சரி.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. சனம் இந்த நாவலைச் சரித்திரமாகவே எடுத்துக்கொள்கிறது. நந்தினி என்று ஒருத்தி இருந்தாள் என்று சண்டை பிடிக்கிறார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்பதை இந்தப் புத்தகத்தை வைத்து விவாதிக்கிறார்கள். இதற்குக் கல்கி பொறுப்பில்லையா?

பாலைமரம்

பொறுப்பு உண்டு, ஆனால் அவர் ஒளித்து விளையாடவில்லை. எது இருந்தது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம்.

வல்லவரையன் வந்தியத்தேவன் இருந்தான், குந்தவையின் கணவன் என்று தஞ்சைக் கல்வெட்டுச் சொல்கிறது. அவன் குதிரையில் ஓலை கொண்டு திரிந்தது கல்கியின் வேலை. நந்தினி, பூங்குழலி, மந்தாகினி, ஆழ்வார்க்கடியான் எல்லாம் கற்பனை. கொடும்பாளூர்ச் சிறிய வேளான் ஈழத்துப் போரில் இறந்தது கல்வெட்டில் இருக்கிறது, கதையில் அவன் மகள்தான் வானதி. ஆதித்த கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. யார் தூண்டியது என்று அது சொல்வதில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி பெரும்பாலும் பண்டாரத்தாரை ஒட்டிப் போகிறார். அவருடைய பிற்காலச் சோழர் வரலாறு அப்போதுதான் வந்திருந்தது. கொலை நடக்கிற இருட்டறையில் பல பேரை நிறுத்திவிட்டு, யாருடைய கை என்பதைத் திடமாகச் சொல்லாமலே விட்டதும் அந்தக் கல்வெட்டுச் சொன்ன அளவோடு நின்றதால்தான் என்பேன்.

மூலத்தைப் படித்து, சர்ச்சையைத் தெரிந்துகொண்டு, தெரியாத இடத்தில் கதையை வைத்தார். நல்ல நிருபர் செய்கிற வேலை அது.

குளக்கட்டு

நல்ல நிருபர் தெரியாததைத் தெரியாது என்று எழுதுவார். அங்கே கதையைக் கொண்டுபோய் வைக்கமாட்டார்.

மாங்குளத்தான்

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. பொன்னியின் செல்வன் 1954 இல் முடிந்தபோது பலருக்குத் திருப்தி இல்லை, சட்டென்று முடித்துவிட்டார் என்று. கல்கி என்ன செய்தார்? முடிவுரை எழுதினார். வாசகர் கேட்ட கேள்விகளை எடுத்து, இன்னாருக்குப் பிறகு என்ன ஆனது, அவர் எங்கே போனார் என்று பதில் சொன்னார். அது இப்போதும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது. ஆசிரியருக்குக் கடிதம் பகுதிக்குப் பதில் எழுதுகிற அதே பழக்கம். நாவலாசிரியர் என்றால் 'கதை முடிந்தது' என்று கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். அரிச்சுவடி ஐயா சொன்ன 'நாம்' என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. வாசகரோடு வாராவாரம் பேசிப் பழகியவர், அவர்களை விட்டுப் போக முடியாமல் கூடுதலாக ஒரு அத்தியாயம் எழுதுகிறார்.

ஒட்டுசுட்டான் ரவி

நம்மைப் பற்றியே ஒரு பத்திரிகைக்காரர் சரித்திர நாவல் எழுதியிருக்கிறார், அதை விட்டுவிட்டீர்களே. மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்'. அவரும் முரசொலியை 1942 இல் தொடங்கிய ஆசிரியர். ரோமாபுரிப் பாண்டியன், தென்பாண்டிச் சிங்கம் என்று சரித்திரம் எழுதியவர். குளக்கட்டு அண்ணை கேட்ட வன்னி அதில் கதையின் நடுவிலேயே இருக்கிறது.

கதை எங்களுக்குத் தெரிந்ததுதான். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னித் தலைவன் பண்டார வன்னியன் பிடித்தான். ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் தளபதி வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. வெள்ளைக்காரன் அங்கே நட்ட கல்லில் எழுதியிருந்ததும் அந்தத் தோல்வியைத்தான். வெற்றியைக் கொண்டாட வைத்த கல்லை நாங்கள் தோற்றவனுக்கான கல்லாக ஆக்கிக்கொண்டோம்.

வவுனியா வாசகன்

கருணாநிதியின் பெயரை எடுத்தால் 2009 இறுதிப் போரை எடுக்காமல் இருக்க முடியாது. அந்த நாவலை என்னால் இன்றைக்கு வாசிக்க முடியாது.

மட்டுறுத்துனர்

அதைப் பேச வேறு இழைகள் இருக்கின்றன, அங்கே தாராளமாகப் பேசலாம். இங்கே புத்தகத்தோடு நிற்போம்.

பாலைமரம்

புத்தகத்தோடு நின்றாலும் ஒன்று சொல்லலாம். கல்கிக்குச் சோழர் பக்கம் கல்வெட்டு நிறைய. பண்டார வன்னியனுக்கு எங்களிடம் இருப்பது ஆங்கிலேயர் எழுதி வைத்த கடிதங்களும் அறிக்கைகளும், 1895 இல் வந்த லூயிசின் வன்னிக் கைநூலும், மற்றப் பக்கம் செவிவழிக் கதையும். பண்டார வன்னியனைக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது செவிவழிக் கதை வகை. நாடகத்திலும் நாவலிலும் அது வந்து வந்து, இப்போது சரித்திரம் மாதிரியே ஆகிவிட்டது. நந்தினிக்கு நடந்ததுதான் காக்கை வன்னியனுக்கும் நடந்தது. நந்தினி விஷயத்திலாவது எழுதியவரே கற்பனை என்று ஒப்புக்கொண்டார்.

செட்டிகுளம் ரீச்சர்

சரித்திர நாவல் மூன்றைத்தான் எல்லோரும் பேசுகிறோம். கல்கி தானே மதித்தது எதை தெரியுமா? அலை ஓசை. தன் எழுத்தில் ஏதாவது நிலைக்குமானால் அது அலை ஓசையாகத்தான் இருக்கும் என்ற பொருளில் முன்னுரையிலேயே எழுதினார். சாகித்திய அகாதமிப் பரிசு 1956 இல் அவருக்குக் கிடைத்ததும் அந்த நாவலுக்குத்தான். அப்போது அவர் இல்லை, 1954 டிசம்பர் 5 இல் காலமாகிவிட்டார், 55 வயதில். கடைசி நாவல் அமரதாராவை மகள் ஆனந்திதான் முடித்தார்.

அலை ஓசையில் பிரிவினைக் காலத்து டில்லி, அகதிகள், கலவரம் எல்லாம் வருகிறது. பத்திரிகைக்காரராகத் தன் கண்முன்னால் நடந்த சரித்திரத்தை எழுதினார். ஆயிரம் வருடத்துக்கு முந்தியது இல்லை, நேற்றைய பேப்பர். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அதை வாசித்துவிட்டு வந்து, சனம் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன் என்று சொன்னது. பொன்னியின் செல்வனுக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

வவுனியா வாசகன்

ரீச்சர், எனக்கு அலை ஓசை தேவைக்கு மேலே நீளம், கடைசியில் உபதேசம் கூட. ஆனால் நீங்கள் சொன்ன பகுதி உண்மை. எங்கள் ஊரில் அந்த நாவலை யாரும் இரவல் கேட்பதில்லை என்பதற்கும் அதுதான் காரணமோ என்னவோ. வாசிகசாலையில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அட்டை கழன்று கிடக்கும், அலை ஓசை புதுசு கலையாமல் இருக்கும்.

கிளிப்பெடியன்

பார்த்திபன் கனவு இணையத்திலேயே கிடைக்கிறது, தொடங்கிவிட்டேன். நாட்டுடைமை ஆக்கிவிட்டார்களாமே?

மாங்குளத்தான்

ஓம், 1999 இல். அதனால்தான் எந்தப் பதிப்பகமும் போடலாம், மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது கவனம், சில மலிவுப் பதிப்புகளில் மணியத்தின் படமும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. அடிக்குறிப்பு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எது கல்வெட்டு, எது தன் கற்பனை என்று அவர் கையைக் காட்டுகிற இடங்களில் சில அங்கேதான் இருக்கின்றன. கல்கியைப் பற்றி முழுதாக அறிய வேண்டுமென்றால் சுந்தா எழுதிய 'பொன்னியின் புதல்வர்' இருக்கிறது. மொத்தமான புத்தகம், ஆனால் பத்திரிகை அலுவலகத்துக்குள் நடந்ததெல்லாம் அதில் வருகிறது.

அரிச்சுவடி

கடைசியாகக் குளக்கட்டுத் தம்பிக்கு. உங்கள் கோபம் நியாயம், ஆனால் கல்கியிடம் கேட்க வேண்டியது இல்லை. அவர் காவேரிக்கரைப் பிள்ளை. ஆடிப்பெருக்கு அவருக்குக் குழந்தையில் இருந்து தெரியும், கட்டுக்கரையை விருந்தாளியாகப் பார்த்தவர். மதகுக்குக் கதவு போடும் நாள், கலிங்கு பாயும் சத்தம், குளத்துக்கு முதல் தண்ணீர் வருகிற இரவு ஊர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் இந்த இழையில் கலிங்குச் சத்தம் பற்றி எழுதிய இரண்டு வரி எனக்குப் போதவில்லை. இங்கேயே ஒரு புது இழை திறந்து வாரம் ஒரு அத்தியாயம் எழுதுங்கள். தேக்கத்தில் ஆற்றை மறித்தவர்களில் இருந்து தொடங்கலாம். பிழை திருத்த நான் இருக்கிறேன்.

குளக்கட்டு

ஐயா, நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவன். அளவுப் புத்தகம் எழுதுவேன், கதை எழுத வராது.

அரிச்சுவடி

அளவுப் புத்தகத்தையே போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும்.